குளிர்காலப் போரில் சுவீடன் தன்னார்வலர்கள்

வணக்கம் நண்பர்களே. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் ஒன்றியம் பின்லாந்தின் மீது படையெடுத்ததில் தொடங்கிய குளிர்காலப் போர் என்றதும், வெள்ளை உடையில் பனிச்சறுக்கு மட்டைகளில் வந்து தாக்கிய பின்லாந்து வீரர்கள்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் துணையாக அண்டை நாடான சுவீடனிலிருந்து சென்ற 8,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைப் பற்றி இன்று பேசுகிறேன்.

சுவீடன் அரசு தன் முறையான படையை அனுப்ப உறுதியாக மறுத்துவிட்டது. அந்த மறுப்பை 1940 பிப்ரவரி 19 அன்று மன்னர் ஐந்தாம் குஸ்டாவும் வெளிப்படையாக உறுதிப்படுத்தினார். ஆனால் அதே அரசு துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் கொடுத்தது. தன் இராணுவ அதிகாரிகள் விடுப்பெடுத்துக்கொண்டு தன்னார்வப் படையில் சேரவும் அனுமதித்தது. சோவியத்துடன் நேரடிப் போரில் சிக்காமல் உதவுவதற்கு அந்நாட்டிற்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

படைத்தலைவர் எர்ன்ஸ்ட் லிண்டருக்கு அப்போது வயது 71. பின்லாந்தில் பிறந்தவர், 1918-இல் அங்கு நடந்த உள்நாட்டுப் போரிலும் பங்கேற்றவர், இடையே 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கப் பதக்கமும் வென்றிருக்கிறார் என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

ஜனவரியிலேயே 12 கிளாடியேட்டர் போர் விமானங்களும் சில குண்டுவீச்சு விமானங்களும் வடக்கே லாப்லாந்தின் வானத்தைக் காக்கத் தொடங்கின. தரைப்படையோ பயிற்சியை முடித்து, பிப்ரவரி இறுதியில்தான் பின்லாந்தின் வடகிழக்கிலுள்ள சல்லா போர்முனையில் மார்க்காயார்வி பகுதியின் பொறுப்பை ஏற்றது. அதற்குப் பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களில், மார்ச் 13 காலை 11 மணிக்குப் போர் நின்றுவிட்டது. மார்ச் 1 அன்று இறந்த லெப்டினன்ட் கர்னல் மாக்னஸ் டிர்சன் உட்பட, உயிரிழந்தவர்கள் சில பத்துப் பேரே. கடுங்குளிரில் உடலுறுப்புகள் விறைத்துப் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

இந்த எண்ணிக்கையை வைத்து, அவர்கள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்று முடிவு கட்டுவது சரியன்று. அவர்கள் சல்லாவில் நின்றதால்தான் அங்கிருந்த பின்லாந்துப் படைப்பிரிவுகள் விடுபட்டு, போரின் முடிவு தீர்மானமாகிக்கொண்டிருந்த தெற்கே வீபுரி நகரை நோக்கி அனுப்பப்பட்டன. தற்காப்புப் போரில் ஓய்வின்றிக் களைத்த ஒரு சிறிய நாட்டுக்கு, சண்டையைவிட இந்த மாற்றுப்பணியே பெரிய உதவி என்பது என் கருத்து. டென்மார்க்கிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் தன்னார்வலர்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் களமிறங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது.

போரை முடித்துவைத்த மாஸ்கோ உடன்படிக்கையின்படி வீபுரியும் கரேலியாவின் பெரும்பகுதியும் சோவியத் வசம் சென்றன. தன்னார்வலர்கள் காவல் நின்ற சல்லா வட்டாரத்தின் கிழக்குப் பகுதியும் அவற்றுடன் கைமாறியது.