மே வெஸ்ட்: வசனத்தை வெட்டலாம், தொனியை என்ன செய்வது?

[திரையில்: 1920களின் நியூயார்க் நாடக வீதி, இரவு]

1927 பிப்ரவரி 9. அன்று இரவு நியூயார்க் போலீஸ் ஒரே நேரத்தில் மூன்று நாடகங்களில் ரெய்டு நடத்தியது. அதில் ஒன்றின் பெயர் 'செக்ஸ்'. ஆமாம், பெயரே அதுதான். அந்தப் பெயரை விளம்பரத்தில் போடவே சில பத்திரிகைகள் மறுத்திருந்தன. விமர்சகர்கள் திட்டித் தீர்த்திருந்தார்கள். ஆனாலும் நாடகம் ஒன்பது மாதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கதாநாயகி, பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான மே வெஸ்ட் கைதானார். ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: 10 நாள் சிறை, 500 டாலர் அபராதம். இன்று ரூஸ்வெல்ட் தீவு என்று அழைக்கப்படும் இடத்தில் அப்போது இருந்த சிறைக்குப் போனார். எட்டே நாளில் வெளியே வந்தார். காரணம், நன்னடத்தை! ஆபாச வழக்கில் உள்ளே போனவருக்கு நன்னடத்தைச் சலுகை. இதை அவரே எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

[திரையில்: நாடகச் சுவரொட்டி, ஆசிரியர் பெயர் பெரிதாகிறது]

சுவரொட்டியில் ஆசிரியர் பெயர் ஜேன் மாஸ்ட். யார் அவர்? மே வெஸ்டேதான். புனைபெயரில் எழுதியிருந்தார். இந்த வீடியோவில் நான் பிடித்துக்கொள்ளப் போவது இதைத்தான். இரட்டை அர்த்த வசனம் பேசும் நடிகை என்றதும், யாரோ ஓர் ஆண் எழுதிக் கொடுத்ததை இவர் பேசுகிறார் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். இங்கே எழுதியவரும் அவர், பேசியவரும் அவர், சிறைக்குப் போனவரும் அவர்.

1893இல் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா குத்துச்சண்டை வீரர். சின்ன வயதிலேயே மேடை ஏறி, பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாம் கலந்த வாட்வில் நிகழ்ச்சிகளில் ஆண்டுக்கணக்கில் உழன்றவர். எந்த இடத்தில் ஒரு விநாடி நிறுத்தினால் கூட்டம் சிரிக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

கற்றது இன்னும் சிலரிடமும். அவரைப் பிரபலமாக்கிய, தோள்களைக் குலுக்கி ஆடும் ஷிம்மி நடனம் கறுப்பின மக்களின் நடன அரங்குகளிலிருந்து வந்தது. இடுப்பில் கை வைத்து நிற்கும் அந்தத் தோரணையில் பெண் வேடமிட்டு நடித்த ஆண் கலைஞர்களின் சாயல் உண்டு. புகழ் இவருக்கு வந்தது, அவர்களில் பலர் பெயரே தெரியாமல் போனார்கள். இவரது படங்களில் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் பணிப்பெண்களாகத்தான் வருகிறார்கள். அதே மே வெஸ்ட்தான், 1934இல் தன் படத்துக்கு கறுப்பின ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் இசைக்குழுதான் வேண்டும் என்று ஸ்டுடியோவிடம் பிடிவாதம் பிடித்தார். இரண்டும் ஒரே ஆள்தான்.

ரெய்டுக்கு இன்னொரு காரணமும் இருந்ததாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஒருபாலின ஈர்ப்புள்ள ஆண்களைப் பற்றி 'தி டிராக்' என்றொரு நாடகம் எழுதி, நியூயார்க்குக்கு வெளியே அரங்கேற்றியிருந்தார். அது நியூயார்க்கின் முக்கிய நாடக வீதியான பிராட்வேக்கு வந்துவிடுமோ என்பதுதான் பயம். கடைசியில் வரவில்லை. அந்த நாடகத்தின் பார்வை இன்றைய கண்ணுக்குப் பழையதாகத் தெரியும். ஆனால் 1927இல் அப்படிப்பட்ட மனிதர்களை மேடையின் நடுவில் நிறுத்த வேறு எத்தனை பேர் துணிந்தார்கள்?

[திரையில்: பாரமவுண்ட் முத்திரை]

சரி, சினிமாவுக்கு வருவோம். 1932இல் முதல் படம் வெளியானபோது அவருக்கு வயது 39. சிறிய வேடம். தன் வசனத்தைத் தானே மாற்றி எழுதிக்கொள்ள அனுமதி வாங்கினார். கோட்டு வாங்கி வைக்கும் பெண் இவரைப் பார்த்து வியக்கிறாள்: "அட கடவுளே, எவ்வளவு அழகான வைரம்!" இவர் சொல்கிறார்: "கடவுளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல கண்ணு."

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டே, தன் 'டயமண்ட் லில்' நாடகத்தைப் படமாக்கினார். 'ஷி டன் ஹிம் ராங்', வெறும் 66 நிமிடம். சுமார் 2 லட்சம் டாலரில் எடுத்த படம் 20 லட்சத்துக்கு மேல் வசூலித்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. பெரும் கடனில் தத்தளித்த பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்கு மூச்சு வந்தது. உடன் நடித்தவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான கேரி கிராண்ட். அவரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று மே வெஸ்ட் பெருமையாகச் சொல்வார். அதற்கு முன்பே கிராண்ட் பல படங்களில் நடித்திருந்தார் என்பது வேறு விஷயம்.

அப்புறம் வந்தது கத்தரி. ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் 1930லேயே எழுதப்பட்டவை, ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கத்தோலிக்க அமைப்புகளின் அழுத்தத்தால் 1934 ஜூலையிலிருந்து தணிக்கை அதிகாரி ஜோசப் பிரீன் தலைமையில் கறாராக அமலாயின. எல்லாம் மே வெஸ்டால்தான் என்று சொல்வார்கள். அது அரை உண்மை. கேங்ஸ்டர் படங்களும், மற்ற நடிகைகளின் துணிச்சலான படங்களும் ஏற்கெனவே கோபத்தைக் கிளப்பியிருந்தன. இவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த இலக்கு.

தணிக்கையைச் சமாளிக்க அவர் வைத்திருந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். வெட்டுப்படுவதற்கென்றே படுமோசமான சில வரிகளைச் சேர்த்து எழுதுவாராம். அதிகாரிகள் அவற்றை வெட்டிய திருப்தியில், இவருக்கு வேண்டிய வரிகளை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 1937 டிசம்பரில், அமெரிக்காவின் என்பிசி வானொலியில் ஆதாம் ஏவாள் பற்றிய நகைச்சுவை நாடகம். இதை எழுதியவர் அவர் இல்லை. வானொலி நிலையம் பார்த்து அனுமதித்த ஸ்கிரிப்ட்தான். மே வெஸ்ட் ஏவாளாகப் பேசினார். காகிதத்தில் சாதுவாக இருந்த வரிகள் அவர் வாயில் வேறு மாதிரி ஆகிவிட்டன. புகார்கள் குவிந்தன. பல ஆண்டுகளுக்கு என்பிசி அவரை அண்டவே விடவில்லை. தொனிக்கு எங்கே கத்தரி போடுவது?

ஆனால் படங்களில் கத்தரி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1930களின் பிற்பகுதிப் படங்களில் பழைய காரம் இல்லை. 1943க்குப் பிறகு நீண்ட காலம் சினிமாவை விட்டு மேடைக்கே திரும்பினார்.

[திரையில்: உதட்டு வடிவ சிவப்பு சோபா]

அதற்குள் அவர் உருவம் தனியாகப் பயணம் கிளம்பியிருந்தது. ஓவியர் சால்வடார் டாலி அவர் உதடுகளைச் சோபாவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் தங்கள் காற்றடைத்த உயிர்காப்பு அங்கியை 'மே வெஸ்ட்' என்றே அழைத்தார்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 1967இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் தங்கள் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பம் அட்டையில் அவர் படத்தைப் போட அனுமதி கேட்டார்கள். 'லோன்லி ஹார்ட்ஸ் கிளப்', அதாவது தனிமையில் வாடும் நெஞ்சங்களின் சங்கத்தில் எனக்கென்ன வேலை என்று முதலில் மறுத்துவிட்டார். அவர்கள் கடிதம் எழுதிக் கெஞ்சிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

கடைசிப் படம் 'செக்ஸ்டெட்' 1978இல் வந்தபோது அவருக்கு 84 வயது. அதில் புது மணப்பெண். மாப்பிள்ளை, பின்னாளில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த திமோதி டால்டன். படம் நன்றாக இல்லை, ஓடவும் இல்லை. மூலக்கதை? அதுவும் மே வெஸ்ட் எழுதிய நாடகம்தான்.