கப்பலின் மேல் ஒரு கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடு தண்ணீருக்குள் போகிற அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் எம்.பி. விடாமல் சண்டை போட்டதால், கப்பலில் இந்தக் கோடு போட வேண்டும் என்பது 1876-இல் சட்டமானது.

உலக வங்கியில் ஆறு வருடம் வேலை பார்த்த பொருளியலாளர் ஹெர்மன் டேலிக்கு இந்தக் கோடு ரொம்பப் பிடித்திருந்தது. பொருளாதாரத்தை ஒரு கப்பலாக நினைத்துப் பாருங்கள். சரக்கைச் சாயாமல் அடுக்குவது சந்தையின் வேலை, அதில் அது கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் மொத்தப் பளு எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை. அளவுக்கு மீறி ஏற்றினால் அழகாக அடுக்கிய கப்பலும் மூழ்கும், என்ன, சாயாமல் மூழ்கும்!

விலை ஏறினால் ஜனங்கள் தானாகக் குறைத்துக்கொள்வார்களே என்பீர்கள். கடலில் மீன் குறைகிறது, விலை ஏறுகிறது, சரி. அந்த விலைக்காகவே இன்னும் தொலைவுக்குப் போய் மிச்சமிருக்கிற மீனையும் பிடிப்பது லாபமாகிவிடுகிறதே?

அதனால்தான் டேலி 1992-இல் எழுதிய கட்டுரையில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்தார். இயற்கையிடமிருந்து மொத்தம் எவ்வளவு எடுக்கலாம், அது யார் யாருக்குச் சொந்தம், அப்புறம் எந்த உபயோகத்துக்குப் போகிறது. முதல் இரண்டையும் சமூகம் உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும், மூன்றாவதைச் சந்தையிடம் விடலாம். என்னைக் கேட்டால் இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கார்பன் சந்தை தொடங்கியது. புகை விட அனுமதிச்சீட்டு, வேண்டுமானால் வாங்கலாம், விற்கலாம். முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் சீட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள், 2007-இல் விலை கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சந்தை மேல் தப்பில்லை, கோட்டைத்தான் உயரத்தில் போட்டுவிட்டார்கள். இன்னொரு கூத்து, சீட்டுகளில் பெரும்பகுதி இலவசம், ஆனாலும் மின் நிறுவனங்கள் அதன் சந்தை விலையை மின் கட்டணத்தில் சேர்த்து வசூலித்து லாபம் பார்த்தன. யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்காததன் பலன் இது. 2013 முதல் மின் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏலத்தில்தான் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அந்த ஏலப் பணம் அரசுக்கா, ஆளுக்கு இவ்வளவு என்று ஜனங்களுக்கா என்ற வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை.

வணக்கம்.