துப்பாக்கித் தேய்மானம்: உழைப்பா, கவனக்குறைவா?

வணக்கம் மக்களே. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற இந்தச் செம்பனையெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடம். இன்றைக்குப் பேசப்போவது பழைய துப்பாக்கிகளைப் பற்றி. காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். 1971இல் வந்த சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. அதனால் வாயால்தான் விளக்க வேண்டும். எங்கே புரியவில்லையோ அங்கே வீடியோவை நிறுத்தி மறுபடி கேளுங்கள்.

கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகம், போர்ட்டிக்சன் ராணுவ அருங்காட்சியகம் இரண்டிலும் பழைய துப்பாக்கிகளை வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். கறுப்பு போய் வெள்ளையாகத் தேய்ந்த ஒன்றைப் பார்த்து ஒருவர், "எத்தனை சண்டை பார்த்ததோ!" என்பார். பக்கத்தில் நிற்பவர், "அதெல்லாம் இல்லை, ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்பார். இரண்டு பேருமே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

முதலில் அந்தக் கறுப்பு நிறம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது பெயின்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பைப் பக்குவமாக ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். மேக்னடைட் என்கிற கறுப்பு ஆக்சைடு அது. புளூயிங் என்று சொல்வார்கள். ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான், ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை பட்டால் போகும், உறையில் உரசினால் போகும், வேர்வை ஊறினாலும் போகும். துருவை முழுக்கத் தடுக்கிற சக்தியும் அதற்குக் கிடையாது. மேலே ஒரு எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் அது நிற்கும்.

எங்கள் பக்கம் ஒரு மாமா இருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் எடுத்து வைத்திருக்கிற 12 போர் (bore, குழல் அளவு) ரெட்டைக் குழல் துப்பாக்கி அவருடையது. அவர் அதைத் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கேட்டேன். "பாரு, ஆனா தொடாத தம்பி. வேர்வைக் கை" என்றார். சட்டமும் அதையேதான் சொல்கிறது, இரும்பும் அதையேதான் கேட்கிறது. விரல் வேர்வையில் உப்பு இருக்கிறது. துடைக்காமல் விட்டால், நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரமே விரல் ரேகை வடிவத்திலேயே துரு எழுந்துவிடும்.

அந்தத் துப்பாக்கியில் கறுப்பு எங்கே போயிருந்தது தெரியுமா? குழலும் கட்டையும், அதாவது தோளில் வைக்கிற மரப்பகுதியும், சேருகிற இடத்துக்குக் கீழே, சரியாக எடை நிற்கிற புள்ளியில். ஒரு கையில் தொங்கவிட்டுத் தூக்கி நடந்தால் விரல்கள் வளைந்து பிடிக்குமே, அந்த இடம் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. அப்புறம் விசையைச் சுற்றியுள்ள வளையம். குழலின் வாய் ஓரம், அது உறைக்குள் போய் வரும்போது உரசுகிற பக்கம். கட்டையின் பிடியில் செதுக்கியிருந்த குறுக்குக் கோடுகள் வலது உள்ளங்கை படுகிற இடத்தில் மட்டும் மழுங்கியிருந்தன. வெளுத்த இடங்களில் ஒரு பொட்டு துரு இல்லை. குழலை மடக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். உள்ளே ஒளி வட்டம் வட்டமாக, கறையே இல்லாமல் ஓடியது.

ரப்பர் பால் வெட்டும் கத்தி வீட்டில் இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தால் வெட்டுகிறவர் கை தெரியும். கூரையிடுக்கில் செருகி வைத்த கத்தியில் துருதான் தெரியும்.

கவனிக்காத துப்பாக்கியில் கெட்டுப்போவது கை படாத இடங்கள். மரமும் இரும்பும் சேருகிற கோடு, திருகாணிகளைச் சுற்றி, முன்கட்டையை, குழலுக்கு அடியில் இருக்கிற மரத்தை, கழற்றினால் தெரிகிற குழலின் அடிப்பக்கம். ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாத இடங்கள் இவை. மேலே துடைத்துவிட்டு உள்ளே பார்க்காதவர்களின் துப்பாக்கி இங்கேதான் காட்டிக்கொடுக்கும். துரு பவுடர் மாதிரி மேலே நின்றால் எண்ணெய் போட்டு மெதுவாக எடுத்துவிடலாம். ஆனால் இரும்பைத் தின்று குழி போட்டுவிட்டால் எந்த எண்ணெயும் அதை நிரப்பாது.

இன்னொன்று, பாசத்தில் செய்கிற தப்பு. நல்ல தோல் உறை வாங்கி, அதற்குள் போட்டு மூடி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய உப்பும் அதில் இருக்கும். உறை பயணத்துக்குத்தான், சேமித்து வைக்க இல்லை. தோட்டங்களில் ரப்பர் பாலை உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் இருக்கிற ஸ்டோருக்குப் பக்கத்திலும் இரும்புச் சாமானை வைக்கக்கூடாது. அதன் ஆவியே போதும் அரிப்பதற்கு.

எண்ணெயை ஊற்றோ ஊற்றென்று ஊற்றி, நிமிர்த்தி வைப்பவர்களும் உண்டு. எண்ணெய் கீழே இறங்கி கட்டையின் தலைப்பகுதியில் ஊறும். மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, சுடும்போது வருகிற உதைப்பில் வெடிப்பு விடும். அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு "பழமையின் அழகு" என்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது மரம் கெட்டுப்போன அடையாளம்.

சரி, உழைத்த தேய்மானம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன உழைப்பு? சுமந்ததா, சுட்டதா? நம் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் பக்கம், எல்ஃபில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. தோட்டங்களைக் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். தோளில் .303 லீ என்ஃபீல்ட் என்கிற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. இரவு பகலாக, மழையில், முள்வேலி ஓரமாக நடந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை நடப்பதும் நிற்பதும்தான், சுடுவது எப்போதாவது. அப்படிப்பட்ட துப்பாக்கியில் தோள் வார் உரசிய இடம், கை பிடித்த இடம், தரையில் ஊன்றிய அடிக்கட்டை எல்லாம் தேய்ந்து கிடக்கும். குழலின் உள்வரிகளோ, குண்டைச் சுழற்றி அனுப்புகிற உள்பக்கத்து வரிகள், கூர்மை மாறாமல் இருக்கலாம். வெளியே தேய்ந்திருக்கிறது என்பதால் நிறையச் சுட்டது என்று சொல்லவே முடியாது. போலீஸ்காரர் இடுப்பில் இருந்த ரிவால்வரும் அப்படித்தான். வாய் ஓரமும் உருளையின் விளிம்பும் வெளுத்திருக்கும், உறை செய்த வேலை அது. நிறையச் சுட்டதா என்று பார்க்க உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு மேலே பார்க்க வேண்டும். அங்கேதான் நெருப்பு இரும்பை அரிக்கும்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அந்தக் கால .303 தோட்டாவின் பற்றவைக்கும் மருந்து எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். சாப்பாட்டு உப்புக்கு உறவுக்காரன். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் குழலுக்குள் வைத்துக்கொள்ளும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் சுட்ட பிறகு கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, காயவைத்து, அதற்கப்புறம் எண்ணெய் போடச் சொன்னார்கள். இதைச் செய்யாவிட்டால் கொஞ்சமே சுட்ட துப்பாக்கிகூட உள்ளே குழிகுழியாகப் போய்விடும். மேலே பார்த்தால் புதுசு.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று இருக்கிறது. லீ என்ஃபீல்டைத் துடைக்க ஒரு கயிறு கொடுப்பார்கள். ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி. குண்டைக் குழலுக்குள் விட்டு இழுக்க வேண்டும். நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்து இழுத்து, வாயின் ஒரு பக்கத்தில் கயிறு பள்ளம் போட்டுவிடும். குழலின் வாய் கெட்டால் குறி கெடும். விடாமல் துடைத்த ஒருவனின் கைதான் அந்தப் பள்ளத்தைப் போட்டது. அதை உழைப்பு என்பீர்களா, கவனக்குறைவு என்பீர்களா? நான் கவனிப்பு என்றுதான் சொல்வேன், சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் சந்தேகத்தோடு பார்ப்பது பளபளவென்று இருக்கிற பழைய துப்பாக்கியைத்தான். துருக்குழியை மறைக்கத் தேய்த்து, மறுபடி கறுப்பு ஏற்றியிருப்பார்கள். எழுத்து முத்திரைகளைப் பாருங்கள்: ஓரம் மழுங்கி, பாதி அழிந்திருந்தால் மெருகேற்றும் சக்கரத்தில் தேய்த்திருக்கிறார்கள். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் உருண்டிருக்கும். திருகாணித் துளையின் வாய் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். திருகாணித் தலையே சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். இரும்பு அத்தனையும் புதுசாக மின்னி, கட்டை மட்டும் கிழடாக இருந்தாலும் அதே கதைதான்.

ரெட்டைக் குழலில் உண்மையான தேய்மானம் நிறத்தில் தெரியாது, மடக்கிய குழலை மூடிப் பிடிக்கிற பூட்டில் தெரியும். குழலைத் திறக்கிற நெம்புகோல் மேலே இருக்குமே, புதுசில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். பூட்டு தேயத் தேய நடுவுக்கு வந்து, அப்புறம் இடப்பக்கம் போகும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டினால் குழல் கடகடவென்று ஆடக்கூடாது. மாமாவுடையது நடுக்கோட்டில் நிற்கிறது, ஆட்டமில்லை. அத்தனை வெளுப்போடும் அது திடமான துப்பாக்கி.

அப்பாவோ தாத்தாவோ உரிமத்தோடு வைத்திருந்து காலமாகிவிட்டால், பழசுதானே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது. உடனே போலீஸ் பாலாயில், அதாவது காவல் நிலையத்தில், தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். முறைப்படி உங்கள் பெயருக்கு உரிமம் கிடைத்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் குழலின் உள்பக்கத்தையும் பூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த இடத்தை வெளுத்தபடியே விட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். மணல் தாள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அடுத்த வீடியோவில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர்களின் பிள்ளைகள் சிலரோடு பேசப்போகிறேன். பார்ப்போம் மக்களே.