காசிமேட்டுக்குத் தூக்கோடு வாருங்கள்

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் பெருமக்களே, வணக்கம். பெற்றோரின் அன்றாடப் பசுமை முயற்சிகளால் பயன் உண்டா, அல்லது அவை வெறும் மனத்திருப்திதானா என்பது இன்றைய தலைப்பு. பயன் உண்டு என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், மணலியில் ஆலைப் புகை, கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேலாகக் குப்பைமேடு. இவற்றுக்கு நடுவில் உங்கள் மஞ்சப்பை எந்த மூலைக்கு? அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பொய் எது?

ஆனால் அந்த மேடு வானத்திலிருந்து விழவில்லை, நடுவர் அவர்களே. நம் தெருக் குப்பை லாரி அங்கேதான் போகிறது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை என் வீட்டு வாழைப்பழத் தோலும் அதில் போனது. பிறகுதான் மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டி வைத்தேன். முதல் மாதம் நாறிய நாற்றத்தில் கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்து, "எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா பாரம்மா" என்றார். காய்கறிக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தேன். காற்றுப் புகாமல் ஈரத்தில் அது மக்குவதற்குப் பதில் அழுகியது. காய்ந்த சருகும் தென்னைநார்த் தூளும் தாராளமாகக் கலந்து, வாரம் இருமுறை கிளறிவிட்ட பிறகு நாற்றம் நின்றது. இப்போது அந்த உரத்தில் கறிவேப்பிலை தழைத்திருக்கிறது. அக்கா இன்றும் மாடியேறுகிறார், கறிவேப்பிலை பறிக்க. சொல்லிக்கொள்ளாமல்தான்!

இதெல்லாம் தாய்மார் தலையில் ஏற்றுகிற இன்னொரு சுமை என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். இந்த வாதத்துக்குத்தான் நான் பயந்துகொண்டு வந்தேன். லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்குகிற கையிலேயே இதையும் கொடுத்தால் அது அநியாயம். அதனால் எங்கள் வீட்டில் தொட்டி கிளறுவது என் கணவர் வேலை. பையை மறந்துவிட்டு மளிகைக் கடைக்குப் போனால், திரும்பி நடந்து எடுத்து வருவதும் அவரே. இரண்டு முறை நடந்தார். மூன்றாம் முறை மறக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் நாம் வாய்திறந்து வேண்டாம் என்னாதவரை கடைக்காரர் கை கவரைத்தானே தேடுகிறது?

அடுத்து, வடசென்னையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்று கேட்டுச் சிரித்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் எண்ணூர் முகத்துவாரம் போகிறோம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம். எனக்கும் மகளுக்கும் செலவில்லை, கணவருக்கு மட்டும் டிக்கெட். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் அந்த இடத்தில், சேற்றில் ஒற்றைக் கை பெருத்த சின்ன நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளியும். அலையாத்திச் செடிகள் நிற்கும். ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, கையால் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்து என் மகள் ஒரு மணி நேரம் வாய்மூடி நின்றாள். வீட்டில் அது நடந்ததே இல்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அந்தக் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளியால் அள்ளியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது செய்தி. என் மகள் சோற்றை வைத்துவிட்டு, "அம்மா, அந்த நண்டு வளை?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பெரிய ஆலைகளைக் கேள்வி கேளுங்கள் என்கிறது எதிரணி. கேட்போம், நானும் வருகிறேன். ஆனால் ஆற்றில் சாம்பல் கலக்கிறது என்று குரல் கொடுத்தவர்கள் யார்? அன்றாடம் இடுப்பளவு நீரில் நிற்கிற மீனவர்கள். ஆறு எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தானே அது கெட்டதும் தெரியும்? முகத்துவாரத்தையே பார்க்காத பிள்ளை வளர்ந்து எதற்காகக் கேள்வி கேட்கும்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவருக்கு ஓர் அழைப்பு மட்டும். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் காசிமேட்டு மீன் சந்தைக்கு வாருங்கள் ஐயா, சங்கரா மீன் வாங்குவோம். எவர்சில்வர் தூக்கு உங்களுடையது. கவரில் வாங்கினால் நான் பேச மாட்டேன். என் மகளும் கூட வருவாள், அவள் பேசுவாள்.