தவறாகப் பார்த்த பறவைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பறவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்த நண்பர்கள், நான் காணக்கிடைக்காத பறவைகளைப் பற்றிச் சொல்வேன் என எதிர்பார்த்திருக்கலாம். நானோ நம் நெல்லைச் சீமையின் வயல்களிலும் குளக்கரைகளிலும் அன்றாடம் காண்பவற்றைப் பற்றியும், அவற்றைத் தவறாகப் பார்த்த பொழுதுகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு, ஏமாந்து நின்ற இடங்களில் கிடைத்ததுதான்.

முதலில் மடையான். வயல் வரப்பில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, சேற்றின் நிறத்திலேயே, ஒரு மண்கட்டி போல உட்கார்ந்திருக்கும். நம் கால் மிக அருகில் வரும்வரை அசையாது. எழுந்து பறக்கும் அந்தக் கணத்தில், அதுவரை மடங்கி மறைந்திருந்த வெண்சிறகுகள் விரிய, மண்ணுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கொக்கு கிளம்பியது போல இருக்கும். தொடக்கக் காலத்தில் உட்கார்ந்திருந்ததை ஒரு பறவையாகவும் பறந்ததை வேறொரு பறவையாகவும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு அரக்கு நிறமாக மாறும் என்பது தெரியாததால், அதையும் மூன்றாவது பறவையாகச் சேர்த்துக்கொண்டேன். மூன்றும் ஒன்றே என்று விளங்கிய நாளில் பட்டியலில் இரண்டு பறவைகள் குறைந்தன. ஆனால் அன்றுதான் ஒரு பறவையை முழுதாகப் பார்த்தேன் என்ற நிறைவு வந்தது. குயிலிடம் ஏமாறாதவர் யார்? கூவி அழைப்பது கரிய ஆண் குயில். உடலெங்கும் வெண்புள்ளி இறைந்த பெண் குயிலைக் கண்ணெதிரே கண்டும் குயிலென்று அறியாதவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

காதும் ஏமாறும். பாபநாசத்துக்கு மேலே மலையடிவாரக் காட்டில் ஒருநாள் காலை வைரி என்னும் வேட்டைப் பறவையின் கூர்மையான குரல் கேட்டது. அண்ணாந்து பார்த்தபடியே மரத்துக்கு மரம் நகர்ந்து, முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் ஒரு கிளையில், வாலின் இரு நுனிகளிலும் துடுப்பு போன்ற இறகுகள் ஆட, துடுப்புவால் கரிச்சான் ஒன்று உட்கார்ந்து அந்தக் குரலை எழுப்பிக்கொண்டிருந்தது. பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசுவதில் அதற்கு நிகரானவை குறைவு. அண்ணாந்த கழுத்தோடு நான் பின்வாங்கியபோது, முழங்கால் வரை ஓடைச் சேற்றில் இறங்கிவிட்டேன். பைனாகுலரை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கரிச்சான் பறக்கவில்லை. அடுத்து ஒரு சீழ்க்கையை எடுத்து விட்டது. சேற்றில் நின்றபடியே அதையும் கேட்டு முடித்தேன்.

ஆள்காட்டியிடம் கற்றது வேறு. பங்குனி வெயிலில், வற்றிய குளத்தின் சரளைத் தரையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு சோடி ஆள்காட்டிகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே வட்டமிட்டன. ஒன்று தலையைத் தொட்டுவிடுவது போலப் பாய்ந்து பாய்ந்து மேலேறியது. துண்டால் தலையை மூடிக்கொண்டு குனிந்த பிறகே கண்டேன்: என் வலது காலுக்கு ஒரு சாண் தள்ளி, கூடென்று சொல்லவும் முடியாத ஒரு சிறு பள்ளத்தில், கூர்முனைகள் உள்நோக்கி இருக்க நான்கு முட்டைகள். மண்ணின் மங்கல் நிறம், அதன்மேல் கருந்திட்டுகள். சுற்றிலும் கிடந்த கற்களுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை தெரியவில்லை. அடுத்த அடியை எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் உடல் பதறுகிறது. வந்த காலடித் தடத்திலேயே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினேன். ஆகவே கோடையில் காய்ந்த குளத்துக்குள் இறங்குவோர், ஆள்காட்டி கத்தினால் அங்கேயே நின்று தரையைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனிதர்களால் நேர்ந்த குழப்பங்களும் உண்டு. நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு குளக்கரையில் பைனாகுலரும் குறிப்பேடுமாக நின்றிருந்தபோது, வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறி வந்தார்கள். “அண்ணாச்சி, நாலுவழிச் சாலை இந்தப் பக்கமா வருதா? எங்க வயலு போயிருமா?” என்று கேட்ட பெரியவரின் முகத்தில் உண்மையான கலக்கம் இருந்தது. பறவை பார்க்க வந்தேன் என்றதை அவர் எளிதில் நம்பவில்லை. பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். நாமக்கோழி ஒன்று அதன் வெண்ணிற நெற்றியோடு கண்ணுக்குள் வந்து நின்றதும், “இத நாப்பது வருசமா தெனமும் பாக்கேன், கண்ணு செவப்புன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார். பிறகு பைனாகுலர் என் கைக்குத் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வக்கா என்னும் இராக்கொக்கு பகலில் உறங்கும் கருவேல மரத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவரே.

நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் கூந்தன்குளத்தில், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத மக்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்குப் பைனாகுலர் தேவைப்பட்டதில்லை.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதி, இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் சேர்த்தால் போதும். வீட்டு மொட்டை மாடியும் ஓர் இடம்தான். வரும் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு நம் ஊர்க் குளத்தின் மடைப் பக்கம் நான் நிற்பேன். குழந்தைகளை அழைத்து வாருங்கள். பழைய செருப்பு அணிந்து வருவது நல்லது, மடையருகே சேறு அதிகம்.