கோஜிரா (1954): இந்தப் படத்தை இருட்டில், தனியாகப் பாருங்கள்

வணக்கம் மக்களே. மணி இப்போது இரவு ஒன்றேகால். படம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமாக ஒரு படம் பார்த்தால் ஒரு நாள் ஆறப்போட்டு, குறிப்பெல்லாம் எழுதி வைத்துக்கொண்டுதான் கேமரா முன்னால் உட்காருவேன். இன்றைக்கு அந்தப் பொறுமை இல்லை. விளக்கைக்கூடப் போடவில்லை, பாருங்கள், இந்த மேசை விளக்கு மட்டும்தான். மனசில் இருப்பது இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பார்த்தது 'கோஜிரா'. நாம் காட்ஸில்லா என்கிறோமே, அதன் முதல் படம். 1954, ஜப்பான், தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பு, கறுப்பு வெள்ளை, 96 நிமிடம். இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. ஜப்பானிய மொழியில் திமிங்கிலத்துக்கு 'குஜிரா' என்று பெயர். அதையும் கொரில்லாவையும் சேர்த்ததுதான் 'கோஜிரா'.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவு வரைக்கும் பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

சரி. சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரிந்த காட்ஸில்லா வேறு. வண்ணப் படம், இரண்டு ராட்சத விலங்குகள் மல்லுக்கட்டும், கட்டடம் சரியும், நாம் கை தட்டுவோம். இன்றைக்கும் அந்த நினைப்பில்தான் உட்கார்ந்தேன். படம் இருட்டுத் திரையில் தொடங்குகிறது. தும்... தும்... என்று காலடிச் சத்தம். அப்புறம் அந்த உறுமல். எழுத்துகள் ஓட ஆரம்பிக்கின்றன. இன்னும் ஒரு காட்சிகூட வரவில்லை, நான் ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் காட்சி ஒரு கப்பல். மேல்தளத்தில் வேலை முடிந்த ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிதார் வாசிக்கிறார், இன்னொருவர் ஹார்மோனிகா. திடீரென்று கடல் வெள்ளையாகக் கொதிக்கிறது, கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம். எல்லோரும் ஓடுகிறார்கள். கம்பியில்லாத் தந்தி அறையில் இருப்பவர் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்போது தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது.

அந்த வருடம் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஜப்பானியர்களுக்கு இது கற்பனைக் காட்சியே இல்லை. 1954 மார்ச் 1-ஆம் தேதி, பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் வலு 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி வெடிமருந்துக்குச் சமம். அதைச் செய்தவர்களே எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பக்கம் சூரை மீன் பிடிக்கப் போன ஒரு ஜப்பானியப் படகு, பெயர் 'தாய்கோ ஃபுகுரியு மாரு', அதிர்ஷ்ட டிராகன் ஐந்து என்று பொருள். ஆபத்தான பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியில்தான் அது இருந்தது. அதில் 23 பேர். அவர்கள் மேல் வெள்ளைச் சாம்பல் பனி மாதிரிக் கொட்டியது. குண்டு தூளாக்கிய பவளப்பாறை அது, கதிர்வீச்சு ஏறிய தூசி. என்னவென்று தெரியாமல் வெறுங்கையால் தள்ளிவிட்டுத் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். தோல் கறுத்துப் போயிருந்தது, முடி கொட்டியது. பிடித்து வந்த மீனிலும் கதிர்வீச்சு. நாடு முழுக்க மீன் வாங்கவே ஆட்கள் பயந்தார்கள்.

அந்தப் படகின் வயர்லெஸ் ஆபரேட்டர், ஐகிச்சி குபோயாமா, செப்டம்பர் 23-ஆம் தேதி இறந்துபோனார். கோஜிரா வெளியானது நவம்பர் 3. இடையில் 41 நாள். இப்போது அந்த முதல் காட்சியை, தந்தி அறையில் கடைசி வரை தகவல் அனுப்பும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தத் தேதிகள் படம் பார்க்கும் முன்பே தெரியும். தெரிந்தும் அந்த அறைக்குள் தண்ணீர் பாய்ந்தபோது ஒரு நிமிடம் படத்தை நிறுத்திவிட்டேன்.

அடுத்து கப்பல் கம்பெனி அலுவலகம். கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள், பெரியவர்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெயர்ப் பட்டியல் வந்ததா, யாராவது பிழைத்தார்களா என்று கேட்கிறார்கள். தேடப் போன கப்பலும் மூழ்கிவிட்டது என்று செய்தி வருகிறது. ராட்சத விலங்குப் படம் என்று நினைத்து உட்கார்ந்தவனுக்கு இந்தப் படம் முதலில் காட்டுவது, வராத படகுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை. கோஜிராவின் முகம் தெரிவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரைக்கும் மீனவர்கள்தான் கதை. ஓடோ என்ற தீவில் வலையில் மீனே விழவில்லை. ஒரு கிழவர் சொல்கிறார், இது கோஜிராவின் வேலை, அந்தக் காலத்தில் மீன் கிடைக்காவிட்டால் ஒரு பெண்ணைப் பலியாகக் கடலில் அனுப்பி வைப்போம் என்று. சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது மிச்சம் இருப்பது முகமூடி போட்டு ஆடும் ஒரு சடங்கு மட்டும். அன்று இரவே புயல் வருகிறது. ஷிங்கிச்சி என்கிற பையன் வெளியே ஓடி வந்து திரும்பிப் பார்க்கும்போது, அம்மாவும் அண்ணனும் உள்ளே இருக்க வீடு நசுங்குகிறது. நசுக்கியது எது என்று அப்போதும் நமக்குக் காட்டுவதில்லை.

இதைச் செய்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு அதில் பெரிய மரியாதை இருக்கிறது. சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பு எய்ஜி ட்சுபுராயா. பொம்மையை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படமெடுக்கும் முறை அவருக்குப் பிடித்தமானது. ஆனால் அப்படி எடுத்தால் முடிக்க ஏழு வருடம் ஆகும் என்று சொன்னாராம். கையில் இருந்ததோ சில மாதம். அதனால் உடைக்குள் ஆளை இறக்கினார்கள். மூங்கில், கம்பி வலை, துணி, ரப்பர். முதலில் செய்த உடை விறைத்துப் போய் நடக்கவே முடியவில்லை. இரண்டாவது உடையும் சுமார் 100 கிலோ. அதைப் போட்டு நடித்தவர் ஹருவோ நகாஜிமா. ஒரு பெரிய விலங்கு எப்படி எடை வைத்து நடக்கும் என்று பார்க்க உயிரியல் பூங்காவுக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்தாராம்.

இன்னொரு விஷயம், கேமரா பிடிப்பவர்களுக்கு இது பிடிக்கும். சின்ன மாதிரி ஒன்று உடைந்து விழுந்தால் டப்பென்று விழும், அதில் எடை தெரியாது. அதனால் கேமராவை வேகமாக ஓட விட்டு எடுத்து, திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டினார்கள். அப்போது எல்லாமே நிதானமாக, கனமாக விழுகிறது. ஆனால் கேமரா வேகமாக ஓடினால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அத்தனை விளக்குச் சூட்டிலும் அந்த ரப்பருக்குள் ஒரு மனிதர் நின்றிருக்கிறார். கோஜிராவின் மூச்சுப் பட்டு மின்கோபுரங்கள் உருகி வளைகின்றனவே, அவை மெழுகில் செய்து சூட்டில் உருக்கியவை. திரையில் பார்க்கும்போது இரும்பு அழுகிற மாதிரி இருக்கிறது.

அப்புறம் அந்த உறுமல். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. முதலில் விலங்குகளின் சத்தத்தை வைத்து முயன்று பார்த்திருக்கிறார்கள், சரியாக வரவில்லை. கடைசியில் டபுள் பேஸ் என்ற, ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து, அந்தப் பதிவை மெதுவாக ஓட விட்டார்கள். தெரிந்துகொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். மிருகத்தின் கோபத்தோடு சேர்த்து ஒரு வலியும் அதில் கேட்கிறது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

ரயில் காட்சியைத் தவற விடாதீர்கள், ஒரு நிமிடம்தான் இருக்கும். வேலைக்குப் போகும் சாதாரண ஆட்கள் செய்தித்தாளைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பெண் சலித்துக்கொள்கிறாள்: கதிர்வீச்சு மீன், கதிர்வீச்சு மழை, இப்போது கோஜிரா வேறு. நாகசாகியில் இருந்து தப்பிப் பிழைத்து வந்த உடம்பு இது என்கிறாள். கூட இருப்பவர், மறுபடியும் ஊரைக் காலி செய்துகொண்டு ஓட வேண்டுமா என்கிறார். நாம் விலைவாசியைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவ்வளவு இயல்பாகப் பேசுகிறார்கள். அழுது புலம்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டோக்கியோ எரியும் பகுதி. நகரத்தின் கடைவீதிப் பகுதியான கின்சாவின் மணிக்கூண்டு இரவு அடிக்கிறது, அந்தச் சத்தம் பிடிக்காமல் கோஜிரா அதை உடைக்கிறது. அந்தக் கட்டடம் 1932-இல் கட்டியது, போரில் தப்பியது. 1945 மார்ச்சில் ஒரே இரவு விமானத் தாக்குதலில் இந்த நகரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். ஒன்பதே வருடம் கழித்து, அதே நகரத்தின் தியேட்டர்களில், அதே தெருக்கள் மறுபடி எரிவதை அந்த மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு நடுவே ஒரு தாய். கட்டடத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைகளை இரண்டு கையாலும் அணைத்திருக்கிறாள். ஓடவில்லை. நெருப்புப் பொறி சுற்றிப் பறக்கிறது. இன்னும் கொஞ்சம்தான், இதோ அப்பாவிடம் போய்விடுவோம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறாள். அப்பா யார், எங்கே போனார் என்று படம் சொல்வதில்லை. 1954-இல் யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது. அவளை ஒரே ஒரு தடவைதான் காட்டுகிறார்கள். நான் இரண்டு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். அவள் கை அந்தக் குழந்தையின் தலைமேல் இருக்கிறது.

மறுநாள் காலை மருத்துவமனை. தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு சின்னக் குழந்தைமேல் கதிர்வீச்சு மானியைப் பிடிக்கிறார்கள், அது கடகடவென்று அடிக்கிறது. அதைப் பிடித்தவர் எதுவும் பேசவில்லை, தலையை மட்டும் அசைக்கிறார். ஹோண்டா போரில் சீனாவில் படைவீரராக இருந்தவர். 1946-இல் ஊர் திரும்பும்போது ஹிரோஷிமா வழியாக வந்தவர். இந்தக் காட்சியை எடுத்தவர் எதைப் பார்த்திருந்தார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பாத்திரங்களில் என் மனசில் நின்றவர்கள் இரண்டு விஞ்ஞானிகள். யமானே, தகாஷி ஷிமுரா நடித்தது. அதே வருடம், அதே தோஹோவின் 'ஏழு சாமுராய்' படத்தில் சாமுராய்களின் தலைவராக வந்தவர். எல்லோரும் கோஜிராவைக் கொல்ல வழி தேடும்போது, இவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கி இது எப்படி உயிரோடு இருக்கிறது என்று படிக்க வேண்டாமா என்று இவர் கேட்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். அந்த விலங்குக்காகத் துக்கப்படும் ஒரே மனிதர். எனக்கு அவர் சொல்வது சரியென்றே படுகிறது. கோஜிராவும் குண்டு பட்ட உயிர்தான். கடலுக்கு அடியில் கிடந்ததை ஹைட்ரஜன் குண்டு கிளப்பிவிட்டது. அதன் தோலைப் பாருங்கள், தீக்காயம் ஆறிய தழும்பு மாதிரி தடித்துத் தடித்து இருக்கும்.

இன்னொருவர் செரிசாவா. போரில் ஒரு கண் போனவர். ஆக்ஸிஜனை அழிக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டார். தொட்டியில் இருக்கும் மீன்கள் ஒரு நொடியில் எலும்பாகிவிடும். இதை வெளியே சொன்னால் அரசியல்வாதிகள் ஆயுதமாக்கிவிடுவார்கள், கூடாது என்று மறுக்கிறார். அப்போது தொலைக்காட்சியில் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் அமைதிக்காக ஒரு பிரார்த்தனைப் பாட்டுப் பாடுகிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து, ஒரு தடவை மட்டும் என்று ஒப்புக்கொண்டு, ஆராய்ச்சிக் காகிதங்களை எல்லாம் நெருப்பில் போடுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் யமானேயின் மகள் எமிகோ அழுகிறாள். காகிதம் எரிந்துவிட்டது. ஆனால் அவர் தலைக்குள் இருப்பதை எப்படி எரிப்பது?

அதற்குப் பதிலைத் தண்ணீருக்கு அடியில்தான் சொல்கிறார். கூட வந்த, எமிகோவின் காதலன் ஓகாட்டாவை மேலே அனுப்பிவிட்டு, தன் கயிற்றையும் காற்றுக் குழாயையும் அவரே அறுத்துக்கொள்கிறார். கோஜிரா அங்கே யாரையும் தாக்கவில்லை, கடலின் அடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கப்பலில் ஒரு செய்தியாளர் வெற்றி வெற்றி என்று மைக்கில் கத்துகிறார். மற்றவர்கள் கடலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். யமானே யாரையும் பார்க்காமல் முணுமுணுக்கிறார்: இதுதான் கடைசி கோஜிரா என்று நான் நினைக்கவில்லை, அணுகுண்டுச் சோதனை தொடர்ந்தால் உலகில் எங்காவது இன்னொன்று வரும் என்று.

பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஜப்பானிய மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள். 1956-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ரேமண்ட் பர் என்ற நடிகரை ஒரு செய்தியாளராக நடுவில் சேர்த்து, 80 நிமிடமாகச் சுருக்கிவிட்டார்கள். அந்த ரயில் பெண் அதில் கிடையாது. யமானேயின் கடைசி வார்த்தையும் கிடையாது. வெளிநாடுகளில் பல வருடம் இந்தப் படம் என்றால் அதுதான். அடுத்த வாரம் அதையும் முழுவதும் பார்த்துவிட்டு, எங்கெங்கே வெட்டினார்கள் என்று காட்சி காட்சியாகச் சொல்கிறேன். இப்போதைக்கு நான் மறுபடியும் முதலில் இருந்து போடப் போகிறேன், அந்தக் கிதார் வாசிக்கிற காட்சி வரைக்கும் மட்டும். நல்லிரவு மக்களே.