பொது அமைப்பு முறிந்தால் மிஞ்சுவது எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதரை அதிகம் வீழ்த்துவது பொது அமைப்பின் முறிவா, பொருளாதார முறிவா, மன முறிவா என்பது தலைப்பு. பொது அமைப்பின் முறிவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்டது மொராண்டி பாலம். அதைத் தாங்கிய எஃகு வடங்களைக் கான்கிரீட்டால் பொதிந்திருந்தார்கள். காப்புக்காகச் செய்த ஏற்பாடு; ஆனால் உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது. கடற்காற்றும் ஆலைப் புகையும் பாலத்தை அரிக்கின்றன என்று 1979இல் எச்சரித்தவர் யார் தெரியுமா? அதை வடிவமைத்த ரிக்கார்டோ மொராண்டியேதான்! 1990களில் மூன்று கோபுரங்களில் ஒன்றுக்கு வெளிப்புறமாகப் புதிய எஃகு வடங்கள் கட்டி வலுவூட்டினார்கள். ஆக, நோயும் தெரியும், மருந்தும் தெரியும். 9ஆம் எண் கோபுரத்துக்கு அந்த மருந்து வந்து சேரவேயில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று, கொட்டும் மழையில், அந்தக் கோபுரம்தான் சரிந்தது. 43 பேர் மாண்டார்கள். உடைந்த விளிம்புக்குச் சற்று முன்னால் ஒரு பச்சை லாரி நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் சாலை இல்லை.

அந்த 43 பேரில் யாருக்கு மனஉறுதி குறைவு? யார் சிக்கனம் அறியாதவர்? சாலை இருக்கும் என்று நம்பி வந்ததைத் தவிர அவர்கள் செய்த பிழை என்ன?

பொருளாதார அணித் தலைவர் 1923ஆம் ஆண்டு ஜெர்மனியைக் காட்டினார். அந்த நவம்பரில் ஒரு டாலரின் விலை, அந்நாட்டு நாணயத்தில் 4.2 லட்சம் கோடி மார்க். ஐயா, கணக்கு சரி. காரணத்தைச் சொல்லாமல் அமர்ந்துவிட்டீர்களே! ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதியைப் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் பிடித்தன. அங்கே வேலை செய்ய மறுத்துப் போராடிய தொழிலாளருக்கு அரசு ஊதியம் கொடுத்தது. கருவூலத்தில் பணமில்லை, அச்சடித்துக் கொடுத்தது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த நாணயம் பாதாளத்துக்குப் போனது. தடுத்திருக்க வேண்டிய மைய வங்கியே நோட்டுகளை அச்சடித்துத் தள்ளியது. அதே நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது. இவ்வளவுக்கு மேல் அச்சடிக்க மாட்டோம் என்று வரம்பு கட்டினார்கள், விலைவாசி அடங்கியது. அதே ஆலைகள், அதே வயல்கள், அதே மக்கள். ஐயா காட்டிய சான்று எங்கள் அணிக்கே சாட்சி சொல்கிறது.

மன முறிவு பற்றிச் சகோதரி பேசியபோது அவை அசையாமல் கேட்டது. எனக்கும் மறுத்துப் பேசத் தயக்கம்தான். ஆனால் 2019இல் உலக சுகாதார அமைப்பு பணிச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டில் விவரித்தபோது, முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. நோய் என்றுகூட வகைப்படுத்தவில்லை. பணி சார்ந்த நிலை என்றது. இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவர் ஒடிந்து விழுந்ததும் நெஞ்சுரம் போதவில்லை என்று பேசும் வழக்கத்தைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிரிவிலும் சாவிலும் உடையும் மனங்கள் உண்டு. அவற்றுக்கு எந்த அமைப்பையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி உடைந்தவர் நள்ளிரவில் உதவி எண்ணை அழைத்தால், மறுமுனையில் எடுக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்க வேண்டுமே! அந்த ஆளை அங்கே அமர்த்துவது யார்?

நடுவர் அவர்களே, கடனில் மூழ்கியவருக்கு நீதிமன்றம் இருக்கிறது என்றார் ஐயா. மனம் உடைந்தவருக்கு மருத்துவமனை இருக்கிறது என்றார் சகோதரி. இரண்டும் ஒழுங்காக இயங்கும் என்று வைத்துக்கொண்டே இருவரும் பேசினார்கள். இயங்காத நாளில் அவர்கள் யாரிடம் போவார்கள் என்பதை மறுப்புரையில் சொல்லட்டும். பதில் இருந்தால் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.